மேட்ரிஜெல்: மார்பகச் செல்லுக்கு அடித்தளம் அமைத்துத் தரும் புரதக் கூழ்

மார்பகச் செல்களை முப்பரிமாணத்தில் வளர்த்துப் பார்க்க நினைக்கும் ஆய்வகம் எதுவானாலும், அது முதலில் வாங்கும் பொருள் பெரும்பாலும் மேட்ரிஜெல்லாகத்தான் இருக்கும். கார்னிங் நிறுவனம் 5 மி.லி., 10 மி.லி. குப்பிகளில் உறைநிலையில் விற்கும் இந்தப் புரதக் கூழை மார்பக எபிதீலியச் செல்களோடு (பால் நாளங்களின் சுவரை அமைக்கும் செல்கள்) பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இத்துறைக்குப் புதிதாக வரும் ஆய்வு மாணவர்களுக்கும் சிறிய ஆய்வகம் நடத்துவோருக்கும் உதவும் என்ற எண்ணத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு மார்பகச் செல்லின் நடத்தையை அதன் மரபணுக்கள் மட்டுமே தீர்மானிக்கின்றனவா, அல்லது அதைச் சூழ்ந்துள்ள திசுவின் அமைப்புக்கும் அதில் பங்கு உண்டா என்ற கேள்விக்குக் கண்ணெதிரே விடை காட்டுவதில் மேட்ரிஜெல் மிகச் சிறந்த பொருள். ஆனால் அந்தச் சூழலின் எந்தக் கூறு, எவ்வளவு செறிவில், எவ்வளவு விறைப்பில் செல்லை வழிநடத்துகிறது என்ற அடுத்த கேள்விக்கு இதை மட்டும் நம்பி இறங்குவது சரியன்று.

இந்தக் கூழ் ஏன் தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, மார்பகத்தின் உட்கட்டமைப்பைச் சற்று பார்க்க வேண்டும். பால் நாளங்களும் பால் சுரக்கும் சிற்றறைகளும் இரண்டு அடுக்குச் செல்களால் ஆனவை. உட்குழியை ஒட்டிப் பால் சுரக்கும் ஆற்றலுடைய செல்களும், அவற்றுக்கு வெளியே சுருங்கி விரியக்கூடிய தசைத்தன்மை கொண்ட செல்களும் அமைந்துள்ளன. இவ்விரண்டையும் சுற்றி, லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதங்கள் பின்னிய மெல்லிய அடித்தளச் சவ்வு இருக்கிறது. அதற்கும் அப்பால் முதல் வகைக் கொலாஜன் இழைகள், நார்ச்செல்கள், கொழுப்புச் செல்கள், இரத்தக் குழாய்கள் எல்லாம் உள்ளன. இந்தக் கட்டமைப்பிலிருந்து செல்லைப் பிரித்தெடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் போட்டால், அது தட்டையாகப் பரவி, எது அடிப்பக்கம், எது உட்குழிப் பக்கம் என்ற வேறுபாட்டை இழந்து, பால் புரதம் செய்வதையும் நிறுத்திவிடுகிறது. செல்லின் மரபணுக்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. மாறியது அதன் சூழல் மட்டுமே. எமர்மனும் பிட்டெல்காவும் 1977-இல் எலியின் பால்சுரப்பிச் செல்களை மிதக்கும் கொலாஜன் கூழின் மீது வளர்த்தபோது, தட்டில் மறைந்துபோன தன்மைகள் மீண்டும் தோன்றுவதைக் கண்டனர். 1982-இல் உயிரியலாளர் மினா பிஸ்ஸல் தம் சகாக்களுடன் எழுதிய கட்டுரை, செல்லுக்கு வெளியே உள்ள புரத வலை செல்லின் உட்கருவரை செய்தி அனுப்பி மரபணுக்களின் செயலை மாற்றுகிறது, செல்லும் பதிலுக்கு அந்த வலையை மாற்றியமைக்கிறது என்ற கருத்தை முன்வைத்தது. வெளிப்புற வலை என்பது செல்களைத் தாங்கி நிற்கும் வெறும் சாரம் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. 1989-இல் பார்செலோஸ் ஹாஃபும் பிஸ்ஸலும் பிறரும், மேட்ரிஜெல் எடுக்கப்படும் அதே வகைக் கட்டியின் சாற்றில் எலியின் பால்சுரப்பிச் செல்களை வளர்த்தபோது, அவை உருண்டைகளாகக் கூடி, நடுவே குழிவு அமைத்து, அந்தக் குழிவுக்குள் பால் புரதங்களைச் சுரந்தன. அடித்தளம் கிடைத்ததும் செல் தன் தொழிலுக்குத் திரும்பிவிட்டது.

இந்தப் பொருளின் மூலம் பலருக்கும் வியப்பளிக்கும். ஏங்கல்பிரெத்-ஹோம், ஸ்வார்ம் ஆகியோரின் பெயரால் வழங்கும் எலிச் சார்கோமா என்னும் கட்டியை எலிகளில் வளர்த்து, அதைப் பிரித்தெடுத்துச் சாறு இறக்குகிறார்கள். இந்தக் கட்டி அடித்தளச் சவ்வின் புரதங்களை ஏராளமாகச் சுரப்பதை 1977-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். 1979-இல் லாமினின் என்ற புரதமே இந்தக் கட்டியிலிருந்துதான் முதன்முதலில் பிரித்தறியப்பட்டது. ஹிண்டா கிளைன்மனும் ஜார்ஜ் மார்ட்டினும் 1980-களில் இச்சாற்றைச் செல் வளர்ப்புக்கு ஏற்ற கூழாக உருவாக்கினர். இதன் புரதத்தில் சுமார் 60 விழுக்காடு லாமினின், 30 விழுக்காடு நான்காம் வகைக் கொலாஜன், 8 விழுக்காடு என்டாக்டின். இவற்றோடு பெர்லிகன் என்ற புரதச் சர்க்கரைச் சேர்மமும் உண்டு. ஆரோக்கியமான திசு எப்படி வளர வேண்டும் என்பதை அறிய நாம் பயன்படுத்தும் அடித்தளம் ஒரு புற்றுக்கட்டியிலிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு முறை குப்பியைத் திறக்கும்போதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பொருளின் பலமும் பலவீனமும் இரண்டும் அங்கிருந்தே பிறக்கின்றன.

கையாளும் முறையைப் பொறுத்தவரை, இது பொறுமையைக் கேட்கும் பொருள். உறைநிலைப் பெட்டியில் வைத்திருக்கும் குப்பியை முந்தின நாள் மாலையே ஐஸ் நிரப்பிய பாத்திரத்தில் புதைத்து, அந்தப் பாத்திரத்தோடு 4 டிகிரி குளிர்ப்பெட்டியில் வைத்தால்தான் மறுநாள் காலை சீராக உருகியிருக்கும். குளிர்ந்த நிலையில் தேனைப் போல மெல்ல ஒழுகும் இந்தத் திரவம், அறை வெப்பநிலையை எட்டியதும் கூழாக இறுகத் தொடங்கிவிடும்; இறுகியதை மறுபடி குளிர்வித்துப் பழைய சீருக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணி வேலையைத் தொடரக் கூடாது. ஆகவே பிப்பெட் டிப்புகள், சிறு குழாய்கள், ஸ்லைடு எல்லாவற்றையும் முன்கூட்டியே குளிர்வித்து வைக்க வேண்டும். முதல் முறை உருகியதுமே ஒரு சோதனைக்குத் தேவையான அளவில் சிறு குழாய்களில் பிரித்து மீண்டும் உறையவைத்துவிட வேண்டும். அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் ஃபீனால் ரெட் சாயம் சேர்த்த வகையில், குப்பிக்குக் குப்பி வைக்கோல் மஞ்சளிலிருந்து அடர் சிவப்புவரை நிறம் மாறுபடுவதுண்டு. அது கரியமில வாயுவின் விளைவே தவிர கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. இன்குபேட்டரில் வைத்ததும் சமனாகிவிடும். எட்டு அறைகள் கொண்ட ஸ்லைடில் ஒவ்வோர் அறைக்கும் 40 மைக்ரோ லிட்டர் அளவில் ஊற்றி, டிப்பின் நுனியால் மூலைகள்வரை மெல்லப் பரப்ப வேண்டும். இந்த இடத்தில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினால்கூட, பதினைந்து நாள் கழித்து நுண்ணோக்கியில் அந்தப் பகுதி முழுவதும் பயனற்றுப் போயிருக்கும். நடுவில் குழிந்து ஓரங்களில் மேடேறும் கூழின் இயல்பையும் கவனத்தில் கொண்டு, படமெடுக்கும்போது அறையின் விளிம்பை ஒதுக்குவது நல்லது.

இனி, இது தரும் பலன். டெப்நாத், முத்துசுவாமி, புருக்கி ஆகியோர் 2003-இல் விரிவாக எழுதிய செய்முறையே எம்சிஎஃப்-10ஏ என்ற, புற்றுத் தன்மையற்ற மனித மார்பகச் செல் வரிசைக்கு இன்றும் பலரும் பின்பற்றுவது. கூழ்ப் படுகையின் மேல் ஓர் அறைக்கு சுமார் 5,000 செல்களைத் தனித்தனியாகத் தூவி, 2 விழுக்காடு மேட்ரிஜெல் கலந்த வளர்ப்புத் திரவத்தை மேலே ஊற்றி, நான்கு நாளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றி வர வேண்டும். முதல் சில நாள்களில் ஒவ்வொரு செல்லும் பிரிந்து பிரிந்து ஒரு சிறு கொத்தாகிறது. ஏறக்குறைய எட்டாம் நாளுக்குள், கூழைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெளி வரிசைச் செல்கள் தமக்கு ஒரு திசையை அமைத்துக்கொள்கின்றன. கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தால், கூழை நோக்கிய பக்கத்தில் ஆல்ஃபா-6 இன்டெக்ரின் (செல்லை அடித்தளத்தோடு பிணைக்கும் மேற்பரப்புப் புரதம்) ஒரு வளையமாகப் பளிச்சிடும்; கோல்கி உறுப்பு எல்லாச் செல்களிலும் உள்மையத்தை நோக்கித் திரும்பி நிற்கும். அடித்தளத்தைத் தொடாமல் நடுவில் மாட்டிக்கொண்ட செல்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே மடியத் தொடங்கும்; அவற்றில் செல் மடிவதைக் காட்டும் காஸ்பேஸ்-3 நொதிக்கான சாயம் ஏறியிருப்பதைக் காணலாம். பதினைந்தாம் நாளிலிருந்து இருபதாம் நாளுக்குள் நடுப்பகுதி வெறுமையாகி, ஒற்றை வரிசைச் செல்கள் சூழ்ந்த உட்குழி தெளிவாகத் தெரியும். வளர்ச்சியும் பெரும்பாலும் நின்றுவிடும். இதே செல்களைப் பிளாஸ்டிக்கில் போட்டால் இடம் தீரும்வரை பெருகும். எங்கே நிற்பது, யார் வாழ்வது, யார் மடிவது என்பதையெல்லாம் அடித்தளத்தோடு உள்ள தொடர்பு வகுத்துத் தருவதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வேறொரு எளிய சோதனையை நான் பார்த்ததில்லை. ஆய்வுக்குப் புதியவர்களுக்கு இந்த உட்குழியை முதன்முதலாகக் காட்டும்போது அவர்கள் நுண்ணோக்கியை விட்டு நகர மறுப்பதை எப்போதும் கண்டிருக்கிறேன்.

ஆயினும் மேட்ரிஜெல்லுக்கு இத்துறையில் நிலையான இடம் பெற்றுத் தந்தது எம்சிஎஃப்-10ஏ அன்று. டென்மார்க்கில் ஒரு பெண்ணின் மார்பகத் திசுவிலிருந்து உருவான எச்எம்டி-3522 என்ற செல் வரிசைதான். அதில் எஸ்1 என்பது இயல்பான நடத்தையுடையது; டி4-2 என்பது அதன் வழியிலேயே தோன்றி எலிகளில் கட்டி உண்டாக்கும் அளவுக்கு மாறியது. பிளாஸ்டிக் தட்டில் இயல்பான மார்பகச் செல்லையும் புற்றுச் செல்லையும் பார்வையால் பிரித்தறிவது கடினம். பீட்டர்சன், பிஸ்ஸல் முதலியோர் 1992-இல் இவ்விரு வகைச் செல்களையும் அடித்தளச் சவ்வுக் கூழில் வளர்த்துக் காட்டியபோது வேறுபாடு சில நாள்களிலேயே வெளிப்பட்டது: இயல்பான செல்கள் சில முறை பிரிந்து, ஒழுங்கான சிறு உருண்டையாகி, நின்றுவிட்டன, புற்றுச் செல்கள் ஒழுங்கின்றி வளர்ந்துகொண்டே போயின. 1997-இல் வலேரி வீவரும் பிஸ்ஸலும் அடுத்த படியை எடுத்தனர். டி4-2 செல்களின் மேற்பரப்பில் அளவுக்கு மீறி இயங்கிய பீட்டா-1 இன்டெக்ரினை ஓர் ஆன்டிபாடியால் தடுத்தபோது, கட்டுக்கடங்காமல் வளர்ந்த அதே செல்கள் ஒழுங்கான உருண்டைகளாக அடங்கின. எலிகளில் அவை கட்டி உண்டாக்கும் திறனும் வெகுவாகக் குறைந்தது. மரபணுப் பிழைகள் அப்படியே இருந்தன. ஆன்டிபாடியை நீக்கி மறுபடி வளர்த்தபோது பழைய ஒழுங்கின்மை திரும்பியதே அதற்குச் சான்று. இதைப் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதாகப் படிக்கக் கூடாது. செல்லுக்குள் இருக்கும் பிழை எப்போது வெளிப்பட வேண்டும் என்பதில் திசுவின் கட்டமைப்புக்கு ஒரு சொல் உண்டு என்பதே இதன் பொருள். 1984-இல் டோல்பெர்க்கும் பிஸ்ஸலும் கோழிக்கருவில் ரௌஸ் சார்கோமா வைரஸைச் செலுத்தியபோதும் இதுவே நிகழ்ந்தது: வைரஸின் புற்று மரபணு கருவுக்குள் செயல்பட்டும் கட்டி வரவில்லை, அதே கருவின் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்ததும் அவை புற்றுத் தன்மை பெற்றன.

இவ்வளவு பெருமைக்குரிய பொருளில் குறை என்ன? முதலாவது, உள்ளே இருப்பது என்னவென்று முழுமையாகச் சொல்ல இயலாத கலவை இது. 2010-இல் ஹியூஸும் சகாக்களும் மேட்ரிஜெல்லின் புரதங்களைப் பட்டியலிட்டபோது 1,800-க்கும் மேற்பட்ட தனித்தனிப் புரதங்கள் தென்பட்டன. ஒரு பேட்ச்சுக்கும் மற்றொரு பேட்ச்சுக்கும் இடையே கண்டறியப்பட்ட புரதங்களின் ஒற்றுமை சுமார் 53 விழுக்காடே. டிஜிஎஃப்-பீட்டா, ஐஜிஎஃப்-1 போன்ற வளர்ச்சிக் காரணிகளும் கட்டியிலிருந்து உடன் வருகின்றன. வளர்ச்சியைத் திசுவின் கட்டமைப்பு எப்படி ஆள்கிறது என்று ஆராய வந்தவருக்கு, கட்டமைப்பைத் தரும் கூழே வளர்ச்சித் தூண்டிகளையும் கொண்டுவருவது பெரிய இடைஞ்சல். இதற்காகவே வளர்ச்சிக் காரணிகள் குறைக்கப்பட்ட வகை தனியாக விற்கப்படுகிறது. மார்பகச் செல் வேலைக்கு அந்த வகையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலும் காரணிகள் குறைக்கப்பட்டுள்ளனவே தவிர முற்றாக அகற்றப்படவில்லை. பேட்ச் மாறும்போது புரதச் செறிவும் மாறும் என்பதால், ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இணையாக நிறுவனம் தரும் சான்றிதழில் உள்ள செறிவைப் பார்த்தே அளவைக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது குறையை நான் இதைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். செல்லைச் சூழ்ந்த திசு வேதியியலால் மட்டும் பேசுவதில்லை. தன் விறைப்பாலும் பேசுகிறது. மார்பகத்தில் கட்டியைக் கையால் தடவி அறிய முடிவதே அது சுற்றியுள்ள திசுவைவிட விறைப்பாக இருப்பதால்தான். பாசெக், வீவர் முதலியோர் 2005-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, எலியின் இயல்பான பால்சுரப்பியின் விறைப்பு சுமார் 170 பாஸ்கல். கட்டியினுடையது சுமார் 4,000 பாஸ்கல். வேதிப்பொருளை மாற்றாமல் செயற்கைக் கூழின் விறைப்பை மட்டும் கட்டியின் அளவை நோக்கி உயர்த்தியபோது, இயல்பான செல்களின் ஒழுங்கான உருண்டை கலைந்து, உட்குழி அடைபட்டு, வளர்ச்சி கூடியது. 2009-இல் லெவென்டலும் சகாக்களும், கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் லைசில் ஆக்ஸிடேஸ் நொதியைத் தடுத்தால் எலிகளில் திசுவின் விறைப்பும் கட்டியின் வளர்ச்சியும் குறைவதைக் காட்டினர். மனிதர்களிடமும் இதற்கு ஒட்டிய சான்று உண்டு: மேமோகிராமில் அடர்த்தியான பகுதி 75 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பெண்களுக்கு, அது 10 விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ளவர்களைவிட மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கைந்து மடங்கு கூடுதல் என்று 2007-இல் பாய்டின் குழு கண்டது. அந்த அடர்த்தியில் கொலாஜனுக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தனை முக்கியமான விறைப்பை மேட்ரிஜெல்லில் நம் விருப்பப்படி மாற்ற வழியில்லை. சில நூறு பாஸ்கல் அளவில் மென்மையாக இருப்பதால் இயல்பான மார்பகத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் விறைப்பைக் கூட்டச் செறிவைக் கூட்டினால் லாமினினும் கூடிவிடும், பிறகு விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. சௌதுரியும் மூனியும் 2014-இல் மேட்ரிஜெல் போன்ற கூழோடு கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைப் பின்னி, கால்சியத்தால் விறைப்பை மட்டும் மாற்றிப் பார்த்தது இதற்கு நல்ல மாற்று வழி. அவர்கள் கண்ட முடிவும் கவனத்துக்குரியது: விறைப்பு தனியாகச் செல்லைப் புற்றுத் தன்மைக்குத் தள்ளினாலும், அடித்தளச் சவ்வின் புரதம் மிகுந்திருந்தால் அந்தத் தள்ளுதல் எடுபடவில்லை. பொருளும் விறைப்பும் ஒன்றையொன்று திருத்துகின்றன.

அடித்தளச் சவ்வுக்கு அப்பாலுள்ள திசுவை மேட்ரிஜெல் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குட்ஜான்சன் முதலியோர் 2002-இல், உட்குழிச் செல்களை முதல் வகைக் கொலாஜனில் மட்டும் வளர்த்தபோது அவை உள்வெளி தலைகீழாகத் திரும்பிய உருண்டைகளை அமைத்ததையும், தசைத்தன்மை கொண்ட இயல்பான செல்களைச் சேர்த்ததும் திசை நேரானதையும் கண்டனர். அந்தத் திருத்தத்தைச் செய்தது அச்செல்கள் சுரந்த லாமினின். கட்டியிலிருந்து எடுத்த தசைத்தன்மைச் செல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த லாமினினைச் சுரக்க இயலவில்லை. மேட்ரிஜெல்லில் லாமினின் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் இப்படிப்பட்ட அண்டைச் செல்லின் பங்கு மறைந்துபோகும். புற்றுச் செல் அடித்தளத்தைக் கிழித்துக்கொண்டு பரவுவதை ஆராய்வோர், முதல் வகைக் கொலாஜனையும் மேட்ரிஜெல்லையும் கலந்தோ, அடுக்கடுக்காகவோ பயன்படுத்துவதே பொருத்தம்.

விலை சிறிய ஆய்வகங்களுக்குச் சுமையே. டிரை ஐஸில் அனுப்பப்பட வேண்டிய பொருள் என்பதால், விமான நிலையச் சுங்கத்தில் தாமதமானால் முழுப் பெட்டியும் வீணாகும். விநியோகஸ்தர் ஒருவர் அனுப்பிய பெட்டி எங்களிடம் வந்தபோது டிரை ஐஸ் எதுவும் மிச்சமில்லை. மாற்றுப் பெட்டிக்காகப் பல வாரம் காத்திருந்தோம். கொரோனா காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் இப்பொருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். கல்ட்ரெக்ஸ், ஜெல்ட்ரெக்ஸ் என்ற பெயர்களில் கிடைப்பவையும் அதே எலிக் கட்டியின் சாறே. நல்ல மாற்றுகள்தாம், ஆனால் குறைகளும் பொது. எலியின் உயிரைச் சாராத, உட்பொருள் முழுதும் தெரிந்த செயற்கைக் கூழ்கள் வளர்ந்து வருகின்றன. இயல்பான மார்பகச் செல்லின் உட்குழி அமைவதைப் பார்க்கும் அளவில் அவை இன்னும் மேட்ரிஜெல்லின் எளிமையை எட்டவில்லை என்பது என் கருத்து.

வாங்குவோருக்கு என் பரிந்துரை இதுதான். வளர்ச்சிக் காரணி குறைக்கப்பட்ட வகையை வாங்குங்கள். எலியில் செலுத்தப்போகிறீர்கள் என்றால் எலி வைரஸ் அற்றதெனச் சோதிக்கப்பட்டதையே கேளுங்கள். முதலில் ஒரு பேட்ச்சின் மாதிரிக் குப்பியைப் பெற்று, எம்சிஎஃப்-10ஏ செல்களில் இருபது நாள் வளர்த்து, உட்குழி ஒழுங்காக அமைகிறதா என்று பார்த்தபின் அதே பேட்ச்சில் ஓராண்டுத் தேவையை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். ஆய்வுக் கட்டுரையில் பேட்ச் எண்ணையும் புரதச் செறிவையும் தவறாமல் குறிப்பிடுங்கள். விறைப்பைப் பற்றியோ, தனியொரு புரதத்தின் பங்கைப் பற்றியோ முடிவு சொல்லப்போகும் சோதனைக்கு மேட்ரிஜெல்லை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆல்ஜினேட், பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைக் கூழ், தூய லாமினின் ஆகியவற்றை முதன்மையாக்குங்கள். நிதி குறைவான ஆய்வகங்கள், ஒரே ஊரில் உள்ள இரண்டு மூன்று குழுக்களாகச் சேர்ந்து ஒரே பேட்ச்சை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். செலவும் குறையும், ஒருவர் கண்ட உருண்டையை மற்றவர் கண்டதோடு நேருக்கு நேர் ஒப்பிடவும் முடியும்.